ஒன்பது மணிக்குப் போடு

என் தமிழாசிரியர் கும்பகோணத்தில் இறந்துபோன அன்று செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலேயே உயிர் போயிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. வாசலில் சாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை மணிக்கு எடுப்பது என்று பெரியவர்களுக்குள் பேச்சு. "இன்னிக்கு மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். நாலரை தாண்டி எடுத்துடலாம்" என்றார் ஒருவர். ஐயாவுக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. தினசரிக் காலண்டரில் போட்டிருக்கும் நல்ல நேரத்தை வகுப்பிலேயே கிண்டலடிப்பார். அவர் கிடத்தப்பட்டிருந்த அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு, அவர் சார்பாக நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

பத்து மணிவாக்கில் திண்ணையில் உட்கார்ந்து, கைபேசியிலேயே ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதினேன். எழுதி முடித்தபோது பதினொன்று. சென்னையில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். விளம்பர நிறுவனம் ஒன்றில் சமூக ஊடகக் கணக்குகளைக் கவனித்துக்கொள்கிறவன் அவன். "நல்லா வந்திருக்குடா. ஆனா இப்ப போடாத. வேலை நேரத்துல எவன் படிப்பான்? நைட்டு ஒன்பது மணிக்குப் போடு" என்றான். சரி என்று பட்டது. குறிப்பை அப்படியே சேமித்து வைத்தேன்.

இரவு ஒன்பதுக்குப் போட்டேன். நானூறு பேருக்கு மேல் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். நான் எழுதியவற்றில் அதிகம் பகிரப்பட்டது இன்றுவரை அதுதான். ஒன்பதே முக்காலுக்கு உள்பெட்டியில் ஒரு செய்தி வந்தது. எனக்குப் பல வருடங்கள் முந்தி ஐயாவிடம் படித்தவர். பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் இல்லாதவர். "சார், நான் திருச்சிலதான் இருக்கேன். காலையிலயே தெரிஞ்சிருந்தா பஸ் ஏறி வந்திருப்பேன். ஐயா முகத்த கடைசியா ஒரு தடவ பாத்திருப்பேன்."

குறிப்பு காலை பதினொன்றுக்கே தயாராக இருந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

தமிழில் இலக்கியம் எழுதுகிற, வாசிக்கிற என் தலைமுறைக்கு ஒன்பது மணி என்பது என்ன என்று அன்றிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கினேன். நாம் எல்லோரும் ஏதோ ஓர் அளவில் இதைச் செய்கிறோம். கவிதையை மத்தியானம் எழுதிவிட்டு ராத்திரி போடுகிறோம். வெள்ளிக்கிழமை எழுதிய விமர்சனக் குறிப்பை ஞாயிறு காலைக்கு ஒதுக்கி வைக்கிறோம். இதை யாரும் இலக்கியப் பிரச்சினையாகப் பேசுவதில்லை. தபால்பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி ஒரு நடைமுறை விஷயம் என்றே வைத்திருக்கிறோம். அது அவ்வளவு எளியதல்ல என்பதுதான் என் தரப்பு. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாசகரைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தேர்வு மெல்ல வாக்கியத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

முதலில் இந்த 'நல்ல நேரம்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எந்த நாளில் எந்த மணிக்குப் பதிவிட வேண்டும் என்ற அட்டவணைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலும் அவற்றை வெளியிடுவது, பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் மென்பொருளை விற்கிற நிறுவனங்கள். பல நாடுகளின் கடைகள், ஹோட்டல்கள், செய்தி நிறுவனங்கள் நடத்தும் கணக்குகளையெல்லாம் கூட்டி வகுத்த சராசரி அது. ஓர் அட்டவணை செவ்வாய் காலை என்னும், இன்னொன்று வியாழன் மதியம் என்னும். செருப்பு விற்கிறவருக்குக் கிடைத்த சராசரியில் ஒரு கவிதைக்கான நேரம் எப்படி இருக்கும்? அப்படியே இருந்தாலும், எல்லோரும் அந்த நேரத்துக்கே வந்து நின்றால் அது நல்ல நேரமாக நீடிக்குமா? முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் கிடைக்காத கதைதான்.

இரண்டாவது, ஃபேஸ்புக்கின் ஓடை கடிகாரப்படி ஓடுவதில்லை. 2006இல் செய்தி ஓடை வந்தது. 2010இல் அந்நிறுவனப் பொறியாளர்களே அதன் கணக்கைப் பொதுமேடையில் விளக்கினார்கள்: எழுதியவருக்கும் பார்ப்பவருக்கும் உள்ள நெருக்கம், அந்தப் பதிவுக்கு வரும் எதிர்வினையின் எடை, பதிவு பழையதாக ஆக ஆகக் குறையும் மதிப்பு. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016இல் வரிசைமுறையைக் கைவிட்டு இதே வழிக்கு வந்தன. இன்று கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. ஆனாலும் புதிதாக இருக்கும்போதே கைதட்டல் வாங்கும் பதிவு கூடுதல் பேரிடம் போகிறது என்ற நம்பிக்கையில்தான் நாமெல்லாம் ஒன்பது மணிக்குக் காத்திருக்கிறோம். அதாவது, யார் படிப்பார்கள் என்பதைவிட யார் உடனே படிப்பார்கள் என்பதே நம் கவலை.

அந்த ஒன்பது மணிகூட யாருடைய ஒன்பது? சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்பது என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை. குளிர்காலமாக இருந்தால் லண்டனில் மாலை மூன்றரை, டொரன்டோவில் காலை பத்தரை. தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் இத்தனை ஊர்களிலும் இருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து விடியற்காலை நாலு மணிக்குக் கைபேசியைத் திறக்கும் செவிலியர் ஒருவர் ஏதோ ஓர் ஊரில் இருப்பார். சாப்பிட்டு முடித்து, டிவியை ஓடவிட்டு, சோபாவில் சாய்ந்து விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான் ஒன்பது மணி என்று நாம் சொல்கிறோம். தெரியாமலேயே அவரை மனதில் வைத்து எழுதவும் ஆரம்பித்துவிடுகிறோம்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் கிடையாது, எழுத்தாளன் சுத்தமா எழுதினான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் எழுத்து எப்போதுமே காலண்டரோடுதான் வாழ்ந்திருக்கிறது. தீபாவளி மலருக்குக் கதை கேட்டு வாங்குவார்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்பதால் டிசம்பரில் அச்சகங்கள் திணறும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். அடுத்த இதழ்வரை வாசகரைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம் அந்த நாவலின் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் தெரியும். நேரத்துக்காக எழுதுவது பாவம் என்றால் நம் உரைநடையில் பாதி பாவம்தான்.

ஆனால் வித்தியாசம் இருக்கிறது. அங்கே நாள் ஒன்று நிலையாக நின்றது. எழுத்தாளரும் வாசகரும் அதை நோக்கி வந்தார்கள். இணையத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 தொடங்கி 2020 ஜூலை வரை வெண்முரசைத் தன் தளத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டார், 26 நாவல்கள். அந்த எழுத்தின் மேல் யாருக்கு என்ன விமர்சனம் இருந்தாலும், அங்கே தாளத்தை அமைத்தது எழுத்து. வாசகர் தன் நாளை அதற்கு ஏற்பச் சரிசெய்துகொண்டார். ஒன்பது மணியில் நடப்பது இதற்கு நேர் எதிர். வாசகர் எப்போது சும்மா இருப்பார் என்று பார்த்து, அந்த இடுக்கில் எழுத்தைச் செருகுகிறோம். அங்கே ஒரு பத்திரிகை ஆசிரியரும் இருந்தார். வெளியிடும் கவலை அவருடையது. எழுதும் கவலை மட்டும் எழுத்தாளருடையது. இப்போது இரண்டும் ஒரே விரல்நுனிக்கு வந்துவிட்டன.

இதில் கவிதைக்கு என்ன ஆகிறது?

ஐயா எங்களுக்குப் பொருளதிகாரம் நடத்தியவர். தொல்காப்பியம் அகப்பாட்டின் முதற்பொருள் என்று சொல்வது இரண்டே இரண்டுதான்: நிலம், பொழுது. அந்தப் பொழுதில் பெரும்பொழுது பருவம்; சிறுபொழுது ஒரு நாளின் கூறு. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாடு, பாலைக்கு நண்பகல். மனதின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைத்த மரபு நம்முடையது. கொஞ்சம் யோசித்தால், எதை எப்போது சொல்ல வேண்டும் என்ற அட்டவணை நம்மிடம் ரொம்பக் காலமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பொழுது பாட்டுக்கு உள்ளே இருக்கிறது. பாட்டை எப்போது படிக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

ஐயா குறிஞ்சிப் பாட்டு எதையாவது நடத்துவது பெரும்பாலும் காலை பதினொன்றரை மணி வகுப்பில். மேலே மின்விசிறி கிறீச்சிடும், ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும், எங்களுக்கு வயிறு பசிக்கும். அந்த நேரத்தில் அவர் குரலில் நடு ராத்திரி வந்து உட்காரும். மலைப்பாதையில் தனியாக வருகிறவனை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் ஒருத்தியின் பயம் எங்களுக்கும் பிடித்துக்கொள்ளும். யாமத்தைப் பாட்டே சுமந்துகொண்டு வந்தது. எங்கள் கடிகாரத்திலிருந்து அதற்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஒன்பது மணிக்கு மேல் வரும் கவிதைகளைப் பாருங்கள். 'இந்த இரவில்', 'யாருமற்ற இந்நேரத்தில்', 'உறக்கம் வராத' என்று தொடங்குகின்றன. வாசிப்பவருக்கும் அப்போது இரவுதான். அவரும் தனியாகத்தான் இருக்கிறார். அவர் அறையின் இருட்டே பாதிக் கவிதையை எழுதிக் கொடுத்துவிடுகிறது. சென்னையில் மழை பிடித்த கால்மணி நேரத்தில் மழைக் கவிதைகள் வருவதும் இப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருப்பதால் கவிதைக்குள் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. எழுதியவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கிலேயே எழுதப்பட்டு, பிறகு தொகுப்பாக வந்து நிற்கிற நல்ல கவிதைகள் தமிழில் உண்டு. ஊன்றுகோல் கையில் இருந்துகொண்டே இருந்தால் கால் தானாக நடக்க மறந்துவிடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதைச் சோதிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ராத்திரி பிடித்துப்போன கவிதையைச் சேமித்து வைத்து, மறுநாள் காலை பதினொன்றரைக்கு, அலுவலகத்தில் டீ குடிக்கும்போது படிப்பேன். சிலது அப்போதும் ராத்திரியைக் கொண்டுவரும். பலது வாடகைக்கு எடுத்த சாமியானாவைப் பிரித்த மாதிரி வெறும் மூங்கிலாக நிற்கும்.

நேரம் உண்மையாகவே முக்கியமான எழுத்தும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது என்று சமூக ஊடகங்களில்தான் எழுதினோம். அந்த வாக்கியங்களுக்கு எழுதிய கணம்தான் உயிர். அங்கே யாரும் ஒன்பது மணிக்குக் காத்திருக்கவில்லை. உதவி கிடைத்து முடிந்த பிறகும் அந்தப் பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்தபோது அவை இடைஞ்சலாகவே ஆயின. ரத்தம் வேண்டும் என்பது, கூட்டம் இன்று மாலை என்பது, ஒருவர் இறந்துவிட்டார் என்பது எல்லாம் இந்த வகை. செய்திக்கு உரிய நேரம் செய்தி பிறந்த நேரம்தான்.

இங்கேதான் என் தவறு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஐயாவின் அஞ்சலி எழுத்தாகவும் இருந்தது, செய்தியாகவும் இருந்தது. அதிலிருந்த எழுத்துக்கு எந்த நேரமானாலும் போதும். ஒரு வருடம் கழித்துப் படித்தாலும் ஐயா அதில் இருந்திருப்பார். அதிலிருந்த செய்திக்கு மட்டும் அவசரம் இருந்தது. மாலை ஐந்துக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது அது. எதற்கு நேரம் தேவையில்லையோ அதற்கு நேரம் பார்த்தேன். எதற்குத் தேவையோ அதைப் பத்து மணி நேரம் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அந்தக் குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். அது இப்படித் தொடங்குகிறது: "ஐயாவை வழியனுப்பிவிட்டு வந்து தனியாக உட்கார்ந்திருக்கிறேன்." காலையில் திண்ணையில் எழுதியபோது இருந்த முதல் வரி வேறு. "உள்ளே ஐயா படுத்திருக்கிறார், நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். ராத்திரி ஒன்பதுக்கு அது பொருந்தாது என்று ஒரே நிமிடத்தில் மாற்றினேன். மாற்றியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த வரியைத்தான் பலரும் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். காலையில் அந்தத் திண்ணையில் இருந்த நேரம், அந்த நாற்காலிச் சத்தம், கூடத்தில் அவர் இன்னும் இருந்தது, எல்லாம் போய்விட்டது. ராகு காலம் பார்த்த பெரியவர்கள் ஐயாவை ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தங்கள் கண்முன் வைத்திருந்தார்கள். நான் நேரம் பார்த்ததில் அவர் இருந்த நேரத்தையே அழித்துவிட்டேன்.

நேரம் குறித்து வைக்கும் வசதியை இப்போதும் பயன்படுத்துகிறேன், பொய் சொல்ல மாட்டேன். கூட்ட அறிவிப்பு, புத்தக விலை மாதிரி விஷயங்களுக்கு. எழுதியதை மட்டும் முடித்த நேரத்திலேயே போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் பத்து நாள் மேசைக்குள் வைத்திருந்து போடுகிறேன். விருப்பக்குறி குறைந்திருக்கிறது. நண்பன் திட்டுகிறான்.

திருச்சிக்காரருக்கு இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இது வெளியானதும் அவருக்குச் சுட்டியை அனுப்புவேன். அப்போது மணி என்னவாக இருந்தாலும் சரி.