ஒண்டாச்சியின் நாவலில் கவிஞரின் கை

1943இல் கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி, 1954இல் இங்கிலாந்துக்கும் 1962இல் கனடாவுக்கும் பெயர்ந்தவர். 1967இல் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்ட அவரை உலகறியச் செய்தது, 1992இல் புக்கர் பரிசு பெற்ற ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ என்னும் நாவலாகும். 2024இலும் அவர் கவிதைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அவருடைய நாவல்களையும் கவிஞரின் கையே கட்டமைக்கிறது எனலாம். நிகழ்ச்சிகள் காலவரிசைப்படி தொடராமல் துண்டுக் காட்சிகளாக அமைகின்றன; இடைவெளிகளை நிரப்பும் பொறுப்பு வாசகரைச் சேர்கிறது.

இம்முறையின் வலிமையும் வரம்பும் இலங்கை உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்ட ‘அனில்ஸ் கோஸ்ட்’ (2000) நாவலில் ஒருங்கே புலப்படுகின்றன. தடயவியல் அறிஞரான அனில், பெயரறியா எலும்புக்கூடு ஒன்றின் அடையாளத்தைத் தேடுகிறாள். காணாமற்போன பலருடைய துயரமும் அந்த ஓர் உடலில் திரள்கிறது. இது கவிதையின் ஆற்றலாகும்.

எனினும், போரின் அரசியற் காரணங்களை நாவல் விரித்துரைப்பதில்லை. கதை பெரும்பாலும் வட, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நிகழ்வதால் தமிழர் வாழ்வு விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. கவிதையில் இடைவெளி வாசகருக்கு உரிமை அளிக்கிறது. வரலாறு பேசும் நாவலில் அதுவே ஒரு சாராரின் குரலை மறைக்கவும் கூடும். இந்நாவலைக் கற்பிப்போர் அதன் அழகியலோடு இம்மறைவையும் சேர்த்தே மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.