காந்தியடிகளின் இலண்டன் முதல் வாரங்கள்: நாட்குறிப்பும் தன்வரலாறும்

பிரிவிற்குரிய காரணங்களை வகுக்கப் புகுந்த தொல்காப்பியர் ஓதலை முதற்கண் வைத்தார். எனினும் சங்கச் சான்றோரின் பாலைப் பாட்டுக்களுள் மிகப் பல பொருள்வயிற் பிரிவினையே பாடின. கற்கச் சென்ற தலைவன், சென்ற ஊரில் முதற் சின்னாட்களை எவ்வாறு கழித்தான், எதனைக் கண்டு மருண்டான், எதனை உண்டான் என்பன அகப்பாட்டின் எல்லைக்குப் புறம்பானவை. அவ்விடத்தை நிரப்புவன இக்காலத்து உரைநடை வகைகளாகிய தன்வரலாறும் நாட்குறிப்பும் கடிதமுமே. அவற்றை வரலாற்றுச் சான்றாக எடுத்தாளுவார் பலர். இலக்கியமாக வைத்து ஆராய்வார் சிலரே. ஒருவர் தம் வாழ்வின் அதே சில நாட்களை இருமுறை, இருவேறு பருவங்களில், இருவேறு மொழிகளில் எழுதியிருப்பின் அது திறனாய்வாளர்க்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு. காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு இலண்டனிற் கழித்த முதல் வாரங்கள் அத்தகைய வாய்ப்பினை நல்குகின்றன.

1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறிய இளைஞர் மோகன்தாஸ் அம்மாத இறுதியில், ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்து சேர்ந்தார். இறங்கிய துறை சவுத்தாம்ப்டன் என்று தன்வரலாறு கூறும். டில்பரி என்பாரும் உளர். அப்பொழுது அவர்க்குப் பத்தொன்பது வயது நிரம்பச் சில நாட்களே இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ 120 பக்கங்கள் கொண்டிருந்த அதனுள் இன்று நமக்கு எட்டியிருப்பது, உறவினர் சகன்லால் காந்தி படியெடுத்து வைத்த 20 பக்க அளவினதே. சத்திய சோதனை என்னும் தன்வரலாறோ 1925 முதல் 1929 வரை குசராத்தி மொழியில் 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. இரண்டிற்கும் இடையே 37 ஆண்டுகள்.

விக்டோரியா ஓட்டலுக்குள் நுழையும் காட்சி இரண்டிலும் உளது. நாட்குறிப்பில் மூவர் வருகின்றனர்: மஜ்முதார், அப்துல் மஜீத், மோகன்தாஸ். மஜீத் தம்மைப் பெரிதும் மதிப்பவர். வண்டிக்காரனுக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு வாயிலாளனிடம் மிடுக்காகக் கூறுகின்றார். ஆனால் அவர் உடுத்திருந்த உடை அவ்வாயிலாளன் உடையினும் தாழ்ந்தது என்று இளைஞர் குறித்துவைக்கின்றார். வாடகை இவ்வளவு என்று கேட்பது தம் பெருமைக்கு இழுக்கென எண்ணி மஜீத் இரண்டாம் மாடிக்கு இசைந்துவிட, ஆளுக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் என்று மேலாளர் கணக்குரைக்கின்றார். இத்தனைக்கும் மோகன்தாஸ் உள்ளுக்குள் நகைத்துக்கொண்டே இருக்கின்றார். பின்னர் 'லிப்ட்' வருகின்றது. கதவு திறந்ததும் அது சற்றுநேரம் அமர்ந்திருத்தற்குரிய அறை போலும் என்று கருதியவர், அவ்வறையே தம்மை இரண்டாம் மாடியிற் கொண்டு சேர்த்தது கண்டு வியக்கின்றார். கிடைத்துள்ள நாட்குறிப்பு அங்கே நின்றுவிடுகின்றது.

தன்வரலாற்றின் முதற்பகுதி 13ஆம் அதிகாரத்தில் மஜீத் இல்லை, லிப்டும் இல்லை. வாயிலாளன் உடையைப் பற்றிய நகைச்சுவையும் இல்லை. அதன் இடத்தில் வேறோர் உடை வருகின்றது. கரையிறங்குதற்கென்று காத்துவைத்திருந்த வெள்ளைப் பிளானல் உடையோடு, செப்டம்பர்க் கடைசியில் அவ்வண்ணம் உடுத்தவர் தாம் ஒருவரே என்று உணர்ந்து நாணி நிற்கும் இளைஞரைக் காண்கின்றோம். பெட்டிகளும் சாவிகளும் முகவரிடம் சென்றுவிட்டன. மறுநாள் ஞாயிறாதலின் மாற்றுடைக்கும் வழியில்லை. அன்றிரவு எட்டு மணியளவில் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்து அவ்வுடையைக் கண்டு புன்முறுவல் செய்கின்றார். பேச்சினிடையே மேத்தாவின் உயரத் தொப்பியை எடுத்த இளைஞர், அதன் மென்மையை அறியும் விருப்பால் மயிரின் போக்கிற்கு எதிராகத் தடவி அதனைக் குலைத்துவிடுகின்றார். பிறர் பொருளைத் தொடாதே, முதற் சந்திப்பிலேயே வினாக்களை அடுக்காதே, உரத்துப் பேசாதே, பேசும்போதெல்லாம் 'சார்' என்னாதே என்று மேத்தா அளிக்கும் பாடம் தொடர்கின்றது.

மெய்ப்பாட்டியலைக் கற்றார்க்கு ஈண்டு ஒன்று புலனாகும். நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று, பேதைமையும் ஒன்று. நாட்குறிப்பின் நகை பிறன்மாட்டுத் தோன்றிய எள்ளல். தன்வரலாற்றின் நகையோ தன்னுடைய பேதைமையினின்று எழுவது. உடையைக் காரணமாகக் கொண்டு எழும் நகை இரண்டிலும் உளதேனும், 37 ஆண்டுகளில் அது மஜீதின் மேனியினின்று மோகன்தாஸின் மேனிக்கு மாறிவிட்டது. இதனை மறதி என்று கூறி விடுத்தல் எளிது. நாம் அவ்வாறு கொள்ளேம். தொப்பி மயிரின் போக்கினை மறவாதவர் லிப்டினை மறந்தார் என்றால் அம்மறதிக்கும் ஒரு போக்கு இருத்தல் வேண்டும். எழுதிய அடிகள் தம் நூலில் எள்ளுதற்குரியவர் தாம் ஒருவரே என வரையறுத்துக்கொண்டார் எனக் கொள்வதே பொருத்தமாகப் படுகின்றது. உரைநடை என்ற அளவில் தொப்பிக் காட்சியே நாட்குறிப்பின் பக்கங்களினும் சிறந்தது என்பதும் நம் கருத்து. சின்னஞ்சிறு கைச்செயல் ஒன்றால் இரண்டு நாகரிகங்களின் இடைவெளி முழுதும் அங்கே விளங்கிவிடுகின்றது.

இனி அழுகை. ஓட்டற்செலவாக 3 பவுன் கொடுத்துவிட்டுத் திங்களன்று அறை மாறிய பின், இரவுகளில் தாயின் அன்பை நினைந்து கண்ணீர் வழிந்தது என்றும், துயரை எவரிடத்தும் பகிரவியலவில்லை என்றும், வந்த பின் மூன்றாண்டை முடித்தே ஆகவேண்டும் என்று உள்ளம் உரைத்தது என்றும் தன்வரலாறு கூறும். அழுகையின் நிலைக்களன்களுள் அசைவு என்பதற்குப் பண்டைநிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்று உரைகாண்பர். அதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு உரைநடையிற் காண்டல் அரிது. மூன்றாண்டு என்ற எல்லையும் நினையத்தக்கது. கல்விக்குப் பிரிவோன் மூன்றாண்டைக் கடத்தலாகாது என்பது கற்பியலின் வரையறை. மோகன்தாஸ் 1891 ஜூன் 12ஆம் நாள் தாயகம் நோக்கிப் புறப்பட்டதனால், அவ்வெல்லைக்குச் சில திங்கள் உள்ளாகவே மீண்டார்.

தன்வரலாற்றின் இப்பகுதியை நடத்துவது பசி. உப்பின்றி அவித்த காய்கறிகளைச் சுவைத்து உண்ண இயலவில்லை. ரிச்மண்டில் நண்பர் வீட்டில் கீரையும் ரொட்டியும் ஜாமுமே உணவு; இரண்டு மூன்று துண்டுகளுக்கு மேற் கேட்க நாணம். புலால் உண்ணச் செய்தற்பொருட்டு நண்பர் பெந்தாமின் நூலைப் படித்துக்காட்டுகின்றார். பின்னர் வெஸ்ட் கென்சிங்டன் வீட்டின் மகளிர் இருவர் இரங்கி இன்னும் ஓரிரு துண்டு வற்புறுத்தி வைக்கின்றனர். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றினைக் காண்கின்றார். சால்ட்டின் நூலை ஒரு ஷில்லிங்கிற்கு வாங்கிக்கொண்டு உட்புகுந்து, அந்நாட்டில் முதன்முறையாக வயிறார உண்கின்றார். தாய்முன் செய்த சூளுறவில் தொடங்கிய பசி அச்சூளுறவை வழுவாமலே தணிகின்றது. இது நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமன்று, கதைக்கோப்பு.

கதைக்கோப்பிற்கு ஆகாதவை விடப்பட்டன. நாட்குறிப்பில் வியந்து எழுதிய சூயெஸ் கால்வாய்க்குத் தன்வரலாற்றின் இப்பயணத்தில் இடமில்லை. அவ்விலையுதிர்காலத்தில் ஒயிட்சேப்பற் கொலைகளால் இலண்டன் மாநகர் நடுங்கிக் கொண்டிருந்தது. செப்டம்பர் 30 விடியுமுன் ஓரிரவில் மட்டும் இருவர் கொலையுண்டனர். செய்தித்தாள் படிக்கும் பழக்கம் அந்நாட்களிலேயே தமக்கு ஏற்பட்டதென்று கூறி மூன்று தாள்களின் பெயரையும் சுட்டும் அடிகள், அவை எச்செய்தியைக் கூறின என்று சொல்வதில்லை. மாநகரம் அவர்க்கு ஓர் உணவுப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது என்று குறைகூறுவார் உளராயின் அது முற்றும் தவறன்று.

நாட்குறிப்பே மெய், தன்வரலாறு புனைவு என்று துணிவார் கூற்று நமக்கு உடன்பாடன்று. நாட்குறிப்பும் அன்றன்று எழுதப்பட்டதன்று. வந்து ஆறு வாரம் கழிந்த பின் தொடங்கப்பெற்றது. நாடகத்திற் காட்சி திறப்பது போல அது தொடங்குகின்றது. புதிய மொழியில் எழுதிப் பழகும் மாணவன் அம்மொழி நூல்களிற் கண்ட கேலிநடையை மேற்கொள்ளுதல் இயல்பே. அப்பக்கங்களின் நகையில் ஒரு பங்கு ஆங்கிலத்தினுடையது. கண்ணீரோ தாய்மொழியில் எழுதப்பட்டது. இலண்டனுக்கு வந்த காரணம் யாது என்று 1891இல் 'வெஜிடேரியன்' இதழ் வினவியபோது, உயர்வேட்கையே என்று அவர் ஆங்கிலத்தில் விடையிறுத்தார். அதிலும் அத்தகைய மிடுக்கு உண்டு.

முதுகலை வகுப்பில் சத்திய சோதனையைப் பாடமாக வைப்போர் 13, 14ஆம் அதிகாரங்களோடு நாட்குறிப்பின் இறுதிப் பக்கங்களையும் அச்செவ்வியையும் தமிழாக்கி உடன்வைத்தல் நன்று. பக்க அளவால் அது பெரிதன்று. ஓட்டற் காட்சிகள் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடின், மஜீத் நின்ற இடத்தில் பின்னர் யார் நிற்கின்றார் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.