நிழல் ஊர்வலம் (வில்லியம் கென்ட்ரிட்ஜ்)

நிழல் ஊர்வலம், தென்னாப்பிரிக்க ஓவியரும் நாடக இயக்குநருமான வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1999-ல் உருவாக்கிய 7 நிமிட அசைவூட்டப் படம். ஓவியம், பாவைக்கூத்து, திரைப்படம் மூன்றும் இதில் கலந்துள்ளன. அவ்வாண்டு இஸ்தான்புல் ஈராண்டுக் கலைக்காட்சியில், அந்நகரின் பைசாந்தியக் காலத்து நிலத்தடி நீர்த்தேக்கத்தில் இது திரையிடப்பட்டது.

இதன் பாவைகள் கறுப்புத் தாளைக் கையால் கிழித்து, மூட்டுகளில் இணைத்துச் செய்யப்பட்டவை. கத்தரியால் நறுக்கியிருந்தால் விளிம்பு சீராக வந்திருக்கும். கிழித்ததால் உடல்கள் பிசிறோடு இருக்கின்றன. மூட்டு தளர்ந்திருப்பதால் நடையே நொண்டுகிறது. களைப்பை யாரும் நடித்துக் காட்டவில்லை, தாளின் இயல்பே அதைச் செய்துவிடுகிறது. மூட்டை சுமப்போர், ஊன்றுகோலில் நகர்வோர், கட்டடங்களையே முதுகில் ஏற்றியோர் எனக் கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் தெருக் கலைஞர் ஆல்ஃபிரட் மக்கலமேலே அக்கார்டியனுடன் பாடும் கிறிஸ்தவப் பாடல் உடன்வருகிறது. பின்னர் ஆல்ஃபிரட் ஜாரியின் 1896-ஆம் ஆண்டு நாடகத்துக் கொடுங்கோலன் உபு சாட்டையுடன் வந்து ஆடுகிறான்.

துருக்கியின் மரபான கரகோஸ் நிழற்கூத்தில் ஒளி ஊடுருவும் தோற்பாவைகள் திரையில் வண்ணமாகவே விழும். கென்ட்ரிட்ஜின் உருவங்கள் முழுக் கறுப்பு. தோலின் நிறம் பார்த்து வசிப்பிடத்தையும் பள்ளியையும் வேலையையும் வகுத்த ஆட்சி முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆன நாட்டிலிருந்து வந்த படம் இது. எல்லாரையும் ஒரே நிறமாக்கும் நிழலுக்கு அங்கே தனிப் பொருள் உண்டு.

ஆனால் முகத்தோடு பெயரும் போய்விடுகிறது. ஜேன் டெய்லர் எழுத, கென்ட்ரிட்ஜ் ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக்குழுவுடன் 1997-ல் இயக்கிய 'உபுவும் உண்மை ஆணையமும்' நாடகத்தில் சாட்சிகளாக வந்த மரப்பாவைகள், ஆணையத்தின் முன் மக்கள் சொன்ன வாக்குமூலங்களைப் பேசின. பாவையாட்டிகள் பார்வையாளர் கண்முன்னே நின்று அவற்றை இயக்கினர். எந்தத் துயரம், யாருடையது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஊர்வலத்தில் நடப்பவர்களுக்கோ பேச்சே இல்லை. எந்த நாட்டு அகதியாகவும் அவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதே படத்தை உலகெங்கும் எளிதில் கொண்டு சென்றது. இவர்களை விரட்டியது யார் என்ற கேள்வியையும் அதுவே மழுங்கடித்தது. சாட்டை அக்கேள்வியை எழுப்பத்தான் செய்கிறது. உபுவின் கோமாளித்தனம் அதை நிலைக்க விடுவதில்லை.

2015-ல் இதே ஊர்வலத்தை 8 திரைகளில், உயிருள்ள நடிகர்களுடனும் பித்தளை வாத்தியக் குழுவுடனும் கென்ட்ரிட்ஜ் பெரிதாக எடுத்தார். அதில் முகங்கள் தெரிகின்றன. கிழிந்த தாளின் அந்தத் தளர்ந்த முழங்காலுக்கு இருந்த வலு மட்டும் அதில் இல்லை.