எட்டு மணி முதல் இரண்டு மணி வரை

காஃப்காவைப் பற்றி நம்மிடையே ஒரு பொதுவான அபிப்பிராயம் உண்டு. ஆபீஸ் அவரைத் தின்றுவிட்டது, அது இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பார் என்பது. முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இந்த அபிப்பிராயம் மிகவும் ஆறுதலாக இருந்திருக்கிறது. நான் எழுதாமல் விட்டதற்கெல்லாம் ப்ராக் நகரத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்த மாதிரி. அந்தச் சாட்சியை இப்போது மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

1907 அக்டோபரில் காஃப்கா ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை வேலை. சில நாட்கள் அதற்கு மேலும். எழுத்துக்கு அங்கே நேரமில்லை. ஒரு வருஷம்கூட ஆவதற்குள், 1908 ஜூலையில், அதை விட்டுவிட்டுத் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மாறினார். இங்கே வேலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை. விடுதலை எதுவும் கிடைத்துவிடவில்லை. தினம் நாலு மணி நேரம் கிடைத்தது. 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை ஆறு மணிக்கு 'தீர்ப்பு' கதையை ஒரே மூச்சில் முடித்தார் என்பதை நாம் ஏதோ அருள் வந்த ராத்திரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிற்பகலில் தூங்க முடிந்தவனுக்குத்தான் இரவு முழுவதும் விழித்திருக்க முடியும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அமைப்பு மாறினால்தான் படைப்பு சாத்தியம் என்று ஒரு சாரார். மேதைக்கு எந்த அமைப்பும் தடையில்லை என்று இன்னொரு சாரார். எழுபதுகளிலிருந்து இந்த இரண்டு குரல்களையும் கேட்டு வருகிறேன். இரண்டு பேருக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது. மணிக்கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

ஆபீஸ் வெறும் சத்துருவாகவும் இருக்கவில்லை. மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி காஃப்கா எழுதிய ஒரு கட்டுரை அந்த நிறுவனத்தின் 1909ஆம் வருஷ அறிக்கையில் இருக்கிறது. கத்திகளைச் சதுரத் தண்டில் பொருத்தினால் விரல் எப்படிச் சிக்குகிறது, உருண்டைத் தண்டாக இருந்தால் எப்படித் தப்பும் என்று, வெட்டுப்பட்ட கைகளின் படங்களோடு, நிதானமாக விளக்குகிறார். 1914 அக்டோபரில் 'விசாரணை' நாவலை முன்னே தள்ளுவதற்காக இரண்டு வாரம் லீவு போட்டார். அந்த லீவில் 'தண்டனைக் குடியிருப்பில்' கதையும் எழுதப்பட்டது. அதில் வரும் இயந்திரம் மனித உடம்பின்மேல் தீர்ப்பை எழுதுகிறது. அதன் பாகங்களை அதிகாரி விளக்கும் குரலில் அந்த அறிக்கையின் நிதானம் எனக்குக் கேட்கிறது. ஆபீஸ் கொடுத்த இந்தக் குரலை ஆபீஸை வெறுத்துக்கொண்டே அவர் எடுத்துக்கொண்டார். அவர் போர்முனைக்குப் போகாமல் 1915இல் விலக்கு வாங்கிக் கொடுத்ததும் அதே ஆபீஸ்தான்.

ஆனால் இது பாதிக் கதை. ஆபீஸ் விட்டுக்கொடுத்த பிற்பகலைக் குடும்பம் கேட்டது. 1911 கடைசியில் குடும்பத்தார் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஆபீஸ் விட்டதும் அங்கே போய் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 'தீர்ப்பு' எழுதி இரண்டே வாரம் ஆகியிருந்தது. கடைசித் தங்கை ஓட்லாகூட அன்று பெற்றோர் பக்கம்தான் பேசினார். ஜன்னல் வழியே குதித்துவிடலாமா என்று அந்த இரவு நினைத்ததைக் காஃப்கா நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதியிருக்கிறார். அமைப்பு என்று நாம் சொல்வது ஆபீஸ் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. சாப்பாட்டு மேஜைவரை வருகிறது.

அதே ஓட்லா 1916இல் ப்ராக் கோட்டையை ஒட்டிய ஒரு சந்தில் மிகச் சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். வீட்டாரின் கண்ணிலிருந்து விலகித் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்றுதான் எடுத்தார். அதை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தார். 'கிராமத்து வைத்தியர்' தொகுதியின் கதைகளில் பெரும்பாலானவை அந்தக் குளிர்காலத்தில் அங்கே எழுதப்பட்டவை. 1922 கோடையில், 'கோட்டை' நாவல் எழுதிக்கொண்டிருந்தபோது, பிளானா என்ற ஊரில் ஓட்லா பெரிய அறையை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு வயதுக் குழந்தையோடு சின்ன அறையில் படுத்துக்கொண்டார். அந்த ஜூலையில் காஃப்காவுக்கு ஆபீஸிலிருந்து நிரந்தர ஓய்வு கிடைத்தது. செப்டம்பர் வாக்கில் நாவல் பாதியில் நின்றது. அவர் நோயாளி என்பது உண்மை. ஆனாலும் முழுச் சுதந்திரம் வந்தால் முழு நாவல் வரும் என்ற நம் கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது. காஃப்கா 1924இல் இறந்தார். ஓட்லா 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். இறுகிப்போன ஓர் அமைப்புக்குள் படைப்புக்கு இடம் தானாக உண்டாவதில்லை. சட்டம் கொஞ்சம் கொடுக்கிறது, உத்தியோகம் கொஞ்சம் கொடுக்கிறது. மீதியை அதைவிட இறுக்கமான இடத்தில் இருக்கும் யாரோ ஒருவர் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். படைப்பாளியின் தனிமை என்று நம் விமர்சனம் ஓயாமல் பேசும் விஷயம் பல சமயம் இன்னொருவருடைய அறை. இதைச் சொல்வதால் படைப்பின் மதிப்பு குறைந்துவிடாது. சொல்லாமல் விடுவதால் விமர்சனத்தின் நேர்மை குறைகிறது.

சாட்சியை விசாரித்தவன் கூண்டில் ஏறாமல் தப்பிக்க முடியாது. முப்பது வருஷத்தில் நான் எழுதியது பதினோரு கதைகள். எல்லாம் இரவில் எழுதியவை. எங்களுக்கு ஒரே அறை. குழந்தை அழுதால் என் மனைவி தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவாள். விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே வருவாள். அவளுக்கும் கல்யாணத்துக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று நான் கேட்டதில்லை. ஆபீஸ் என்னை எழுத விடவில்லை என்று நான் புகார் சொல்லாத நண்பர் கிடையாது. போன வாரம் அந்தப் பதினோரு கதைகளையும் திரும்பப் படித்தேன். எட்டில் ஆபீஸ் வருகிறது. ஒன்றில்கூடத் திண்ணை வரவில்லை.