இளைப்பாறுதல் யாருக்கு?

மாதவரம் மூலக்கடைப் பக்கம் எங்கள் குடியிருப்பு. அம்மா முப்பது வருசம் சித்தாள் வேலை பார்த்தவர். ஆறு நாள் தலையில் சாந்துச் சட்டி. ஏழாம் நாள் பூசை. 'கோயில்ல போயி குந்துனாத்தாண்டா நெஞ்சு ஆறுது' என்பார். இந்த ஆறுதலை மயக்கம் என்று ஒதுக்கிவிட்டு எழுத என்னால் முடியாது. பாமாவின் 'கருக்கு' பற்றி இந்த இடத்திலிருந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

1992-இல் மதுரையிலிருந்து வெளிவந்த 'கருக்கு', தலித் கிறிஸ்தவப் பெண்ணொருவர் தம் சனங்களின் பேச்சுமொழியிலேயே எழுதிய தன்வரலாறு. திருச்சபைக்கு எதிரான கலகப் பிரதியாகவே பலரும் இதை வாசித்தார்கள். அது பாதி வாசிப்புதான். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கவென்று மடத்துக்குப் போகிறார் பாமா. அங்கே சோறு, துணி, வசதி எதற்கும் குறைவில்லை. நிம்மதிதான் இல்லை. சாதி அவருக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. பொறுமை, பணிவு, கீழ்ப்படிதல் என்று போதித்தவர்கள் இயேசுவின் கோபத்தையும் நீதியையும் சொல்லித் தரவேயில்லை என்கிறார். ஏழு வருசம் கழித்து வெளியே வருகிறார். கையில் வேலையில்லை, பக்கத்தில் துணையில்லை. ஆனாலும் பொய்யாக வாழவில்லை என்கிற தெம்பு இருக்கிறது.

பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னவர் இயேசு. பாரத்தை ஏற்றியது யாரென்று திருச்சபை கேட்டதா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. 1950-ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, மதத்தைக் காட்டி எங்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. மதம் மாறியும் சேரி மாறவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சில ராத்திரிகளில் 'கருக்கை' வாசித்துக் காட்டினேன். முடித்ததும் கேட்டார்:

'மடத்த வுட்டு வந்துச்சே, ஏசப்பாவையும் வுட்டுச்சா?'

'இல்லம்மா. மடத்தத்தான்.'

'அப்ப சரி. பாரத்த எறக்கி வைக்கத்தான அவுரு கூப்ட்டாரு. ஏத்துறவங்ககிட்ட இன்னாத்துக்கு இருக்கணும்?'

திறனாய்வாளர்கள் தவறவிட்டது இதைத்தான். பாமா தேடிய இளைப்பாறுதல், சுமையை இங்கேயே இறக்கிவைப்பது. அதற்குத் துணை நிற்காத கோயிலில் அம்மா ஒருமணி நேரம் உட்கார்ந்து எழுந்து வரலாம். சாந்துச் சட்டி வாசலிலேயே காத்துக் கிடக்கும்.