தீயில் வெந்த இரட்டைக்குழல்

நல்ல இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்களை மட்டும் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோல நாதம் நீளும். நடுப்பட்டையில் பற்றாசு எங்காவது விட்டிருந்தால் கரகரவென்று செத்துப்போகும்.

இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போனாலும், காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஊர்; அதனால் பழைய இரட்டைக்குழல் என்றதும் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும். அவர்களின் துப்பாக்கித் தொழிலுக்குத் தலைநகரம் சேந்த் எத்தியென். அங்கே மனுஃப்ரான்ஸ் நிறுவனம் 1913இல் கொண்டுவந்த 'ரோபுஸ்ட்' பகட்டில்லாத உழைப்பாளி. எனக்கு அதைவிட அதன் மூத்த உறவான 'இதெயால்' பிடிக்கும்.

இத்தகைய துப்பாக்கிகளின் வேலைப்பாடு முழுவதும் சூட்டின் கணக்கு. இரண்டு குழலையும் இணைக்கும் பட்டைகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு பிடித்திருக்கிறது; அது 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஸ்பிரிங்குக்கு ஏறக்குறைய 300 டிகிரியில் நீலம் பாரிக்கும் பதம். பூட்டுப் பெட்டியின் மேல்தோல் மட்டும் கரியில் புதைத்துச் சுட்டு இறுக்கியது, உள்ளே மென்மை. அதற்கும் முந்திய டமாஸ்கஸ் குழல்களில் இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டியிருப்பார்கள். மேலே ஓடும் அந்த வரி வரியான கோலத்தில் ஒவ்வொரு வரியும் ஓர் ஒட்டு.

வீடு பற்றி எரியும்போது 600 டிகிரி சாதாரணம். பட்டறையில் பார்த்துப் பார்த்து ஏற்றிய பதமெல்லாம் ஒரே நேரத்தில் கலைந்துவிடும். பிறகு மரப்பிடியை மாற்றி, கரியைத் தேய்த்து, நீலம் போட்டால் துப்பாக்கி புதிதாகவே தெரியும். அதுதான் ஆபத்து. 12 போர் தோட்டா வெடிக்கையில் அறைக்குள் 740 பார் வரை அழுத்தம் ஏறலாம்; சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 750 கிலோ. அதைத் தாங்கும் எஃகு, சுடுபவரின் இடது கைக்கு மேலேயே இருக்கிறது. பழைய அறைகள் பலவும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாவோ பெரும்பாலும் 70. தீயே படாத துப்பாக்கிக்கும் இது சிக்கல்தான்.

ஸ்பிரிங்கைப் புதிதாக அடிக்கலாம், பட்டையை மறுபடி பற்றவைக்கலாம். வெந்த குழலின் பழைய பதத்தைக் கண்ணால் பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. மிகையழுத்தத் தோட்டாவால் சுட்டுச் சோதிக்கும் அழுத்தச் சோதனைதான் வழி. அதில் தேறினாலும் டமாஸ்கஸை நான் நம்பமாட்டேன். "இது சுவருக்குத்தான் சார்" என்று திருப்பிக் கொடுப்பவரே தேர்ந்த துப்பாக்கி ஆசாரி.

நம் ஊரில் பழுதுபார்க்கவும் சோதிக்கவும்கூட 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும். பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் தாத்தாவின் துப்பாக்கி அதில் சேருமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல், முதலில் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.