அம்பரப்பர் மலையும் எட்டாம் கட்டளையும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் ஏறத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மலை என்றால் கூலி; மழை; தண்ணீர். அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தேவாரம் பக்கத்தில் உள்ள பொட்டிபுரத்தை ஒட்டி நிற்கிறது அம்பரப்பர் மலை. அறிவியலார்க்கு அந்த மலை வேறொன்றாகத் தெரிந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கம் குடைந்து, ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த பாறைக் கவசத்தின் கீழே 50,000 டன் இரும்பாலான கருவியை நிறுவி, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய அவர்கள் திட்டமிட்டனர். 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. ஊர்மக்கள் எதிர்த்தனர், வழக்குகள் எழுந்தன. 2017 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்தி வைத்தது. 2018 இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. 2022 இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவுசெய்தது.

அத்திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதைச் சுற்றி எழுந்த பேச்சில் இரண்டு குரல்கள் மீண்டும் மீண்டும் ஒலித்தன. அறிவியல் முன்னேற முயலும்போதெல்லாம் சமய நம்பிக்கை குறுக்கே வந்து நிற்கும். கலிலேயோ காலம் முதல் இதுதானே கதை என்றது ஒரு குரல். கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவை நம்புகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்ப மறுப்பது ஏன் என்றது இரண்டாம் குரல். முதலாவது வெளியிலிருந்து வந்தது. இரண்டாவது நம் மறையுரை மேடைகளிலிருந்தும் அன்பியக் கூட்டங்களிலிருந்தும் வந்தது. இரண்டையும் உரைத்துப் பார்ப்பது நம் கடமை.

முதற் குரலுக்கு வயது அதிகமில்லை. 1874 இல் அமெரிக்க வேதியியலார் டிரேப்பரும், 1896 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஒயிட்டும் எழுதிய நூல்கள்தாம் சமயமும் அறிவியலும் என்றென்றும் போர்க்களத்தில் நின்றன என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பின. இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. கலிலேயோவுக்கு 1633 இல் திருச்சபை அளித்த தீர்ப்பு ஒரு காயம். அவர் 1642 இல் இறக்கும்வரை வீட்டுக்காவலிலேயே வாழ்ந்தார். அத்தீர்ப்பை வழங்கியோர் இழைத்த பிழையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 அக்டோபர் 31 அன்று வெளிப்படையாக எடுத்துரைத்தார். 350 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை எண்ணி நாம் நாணத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு காயத்தைக் காட்டி உடம்பே காயம் என்பது எப்படிச் சரியாகும்? நெடுந்தொலைவு போகவேண்டாம். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளி ஒன்றைத் தொலைநோக்கியால் கவனித்துக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன் உண்மையில் இரட்டை விண்மீன் எனக் கண்டறிந்தார். போடிக்கு வடகிழக்கே, பழனி மலைமீது உள்ள செண்பகனூரில் 1895 இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் குருக்கள் செடிகளையும் பாசிகளையும் தேடித் தேடிச் சேர்த்தனர். பின்னாளில் அருட்தந்தை கே. எம். மேத்யூ திருச்சியில் தாவர உலர்தொகுப்பகத்தைக் கட்டியெழுப்பி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999 இல் வெளியிட்டார். காலையில் திருப்பலி, பிறகு மலைச்சரிவில் செடி தேடும் நடை. ஒன்று மற்றொன்றைத் தடுத்ததாக அவர்கள் வாழ்வில் சான்றில்லை.

அதே மலையில் இன்னொரு செய்தியும் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவிய சார்லஸ் மிச்சி ஸ்மித், ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவரின் மகன். அவருடைய அண்ணன் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் விவிலிய அறிஞர். விவிலிய நூல்களின் வரலாற்றை ஆய்வு நோக்கில் எழுதியதற்காக 1881 இல் தம் சபையின் கல்லூரிப் பேராசிரியப் பதவியை இழந்தவர். சூரியனை ஆராய்ந்த தம்பிக்கு வராத இடர் மறைநூலை ஆராய்ந்த அண்ணனுக்கு வந்தது! பூசல் பல வேளைகளில் ஆய்வுக்கூடத்திற்கும் ஆலயத்திற்கும் இடையே எழவில்லை. ஆலயத்திற்குள்ளேயே, மறைநூலை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியே எழுந்தது. கலிலேயோ வழக்கிலும் இக்கேள்வி இருந்தது. போர் என்ற ஒற்றைச் சொல்லில் இந்த வரலாறு அடங்காது.

இனி இரண்டாம் குரல். இது நமக்கு இனிக்கிறது. ஆகவே இதில்தான் நமக்கு எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். அணுக்கரு பீட்டாச் சிதைவு அடையும்போது ஆற்றலில் ஒரு பகுதி கணக்கில் வராமல் மறைவதாகத் தோன்றியது. அதை எடுத்துச் செல்லும் துகள் ஒன்று இருக்கவேண்டும் என்று 1930 இல் பவுலி முன்மொழிந்தார். 1956 இல் கோவனும் ரைன்சும் அணு உலை அருகே அத்துகளைக் கண்டறிந்தனர். இடைப்பட்ட 26 ஆண்டுகள் அறிவியலார் கொண்டிருந்தது நம் விசுவாசத்தைப் போன்ற ஒன்றா? இல்லை. அது சோதனைக்குக் காத்திருந்த ஓர் ஊகம். சோதனை பொய்ப்பித்திருந்தால் பவுலியே அதைக் கைவிட்டிருப்பார். கடவுளை நாம் அப்படியா நம்புகிறோம்? ஆய்வுக்கூட முடிவு வரும்வரை செபத்தை நிறுத்தி வைப்பவர் எவருமில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 1930 இல் ஒரு மறையுரையாளர், அந்த மறைந்த ஆற்றலில்தான் இறைவனின் கை தெரிகிறது என்று முழங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1956 இல் அந்த இறைவன் வேலையிழந்திருப்பார். அறிவியல் இன்னும் விளக்காத இடுக்குகளில் கடவுளை ஒளித்து வைப்பவன், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அஞ்சி வாழவேண்டும்.

இதை நமக்கு முன்பே உணர்ந்தவர் ஒரு குரு. விரிவடையும் பேரண்டத்தைக் குறித்து 1927 இல் எழுதி, 1931 இல் அதற்கு ஒரு தொடக்க நிலையை முன்மொழிந்த பெல்ஜிய நாட்டு அருட்தந்தை லெமேத்ரே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951 நவம்பரில் அக்கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசினார். எந்தக் குருவும் மகிழ்ந்திருக்கக்கூடிய பாராட்டு அது. லெமேத்ரே மகிழவில்லை. தம் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. அவருடைய கருத்து வத்திக்கானுக்கு எட்டியது. 1952 இல் வானியலார் மாநாட்டினரிடம் பேசியபோது திருத்தந்தை அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. தமக்குச் சாதகமாக வந்த பிழையையும் பிழை என்று சொன்ன அந்த நேர்மைதான் லெமேத்ரேயிடம் நாம் கற்கவேண்டிய விசுவாசப் பாடம்.

எட்டாம் கட்டளை பொய்ச்சான்றைத் தடை செய்கிறது. அக்கட்டளை பிறருக்கு எதிரான பொய்யைப் பற்றியது மட்டுமே என்று நினைத்துக்கொள்கிறோம். கடவுளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பொய்யும் பொய்ச்சான்றுதான்.

இந்த வெளிச்சத்தில் பொட்டிபுரத்திற்குத் திரும்புவோம். நியூட்ரினோ உடலைத் துளைத்து நோய் தரும் என்ற வதந்தி மலையடிவார ஊர்களில் உலவியது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் ஊடுருவிச் செல்கின்றன. ஆதாம் காலம் முதல் எவருக்கும் அவற்றால் தீங்கு நேர்ந்ததில்லை. எதிர்ப்புக்கு உதவும் என்பதற்காக அவ்வதந்தியைப் பரப்பியது பிழை. மறுபுறம், பாறையை வெடிவைத்துப் பிளந்தால் ஊற்றுக்கண் என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று கேட்ட உழவரை அறியாமையின் உருவமாகச் சித்திரித்ததும் பிழையே. நீரோட்டத்தைப் பற்றிய கேள்வி மூடநம்பிக்கையா? அது அளந்து பார்த்து விடை சொல்லவேண்டிய, முழுமையான அறிவியல் கேள்வி. அதைக் கேட்டவருக்குப் பட்டம் இல்லை என்பதால் கேள்வியின் தகுதி குறைந்துவிடாது. அம்மலையில் மோதியவை கடவுளும் அறிவியலும் அல்ல. விடை சொல்லவேண்டியவர்களுக்கும் விடை பெறவேண்டியவர்களுக்கும் இடையே நம்பகம் இல்லாமற் போயிற்று, அதுவே நடந்தது.

அங்கே கத்தோலிக்கர் என்ற முறையில் நமக்கு ஒரு பணி இருக்கிறது. அறிவியலைப் பகைவனாகக் கருதி அஞ்சவும் வேண்டாம். நம் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். துகளைப் பற்றித் துகளை அறிந்தவரிடம் கேட்போம். தண்ணீரைப் பற்றி, அதை இறைத்துக் குடிப்பவரையும் கேட்போம். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் அயலாருக்குச் சொல்வோம். நாளை காலையும் அந்த ஜீப்புகள் மலையேறும். அவற்றில் செல்லும் பெண்களிடம் உண்மையைச் சொல்ல நம்மால் இயலாவிட்டால், விண்மீன்களைப் பற்றி நாம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை.